திருகோணமலைத் துறைகளில் முறையும் முரணும்

மூதூரிலே, கொட்டியாரக் குடாவின் கரையை அடுத்து, வெள்ளைக்காரன் மரம் என்று ஊரார் நெடுங்காலம் வழங்கிவந்த புளியமரத்தின் ஞாபகார்த்தமாக ஒரு கல் நாட்டப்பட்டிருக்கிறது. மசூலிப்பட்டினத்திலே புயலிற் சிக்கிப் பாய்மரத்தை இழந்து, அதனைச் செப்பனிடும்பொருட்டு 1659ஆம் ஆண்டின் கடைசியில் இக்குடாவை வந்தடைந்த ஆன் என்னும் ஆங்கிலக் கப்பலின் தலைவரும், அவருடைய மகன் றொபேட் நொக்ஸும், மாலுமிகள் சிலரும் மறுவருஷம் இந்தப் பிரதேசத்திலேயே கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களாற் சிறைபிடிக்கப்பட்டார்கள். தந்தையார் சிறையிருப்பிலேயே 1661இல் இறந்தார். மகன் 1679இல் தப்பியோடி, லண்டன் சேர்ந்து, தமது அனுபவங்களை 1681இல் நூலாக வெளியிட்டார். துறையில் இறங்கி நாட்கள் பல சென்ற பின்னரும் நாட்டுக்குரிய அரசனுக்கு ஒரு கடிதமோ காணிக்கையோ அனுப்பத் தாங்கள் தவறியதே விபரீதத்துக்கு ஏதுவாயிற்று என்று அந்நூலில் அவர் ஒளியாமற் சொல்லியிருக்கிறார்.

இச்சம்பவத்தை அரசன் ஒருவனுடைய கொடுமைக்கு உதாரணமாக எடுத்துச் சொல்வது வழக்கம். பத்தொன்பது வருஷச் சிறை கொடுமைதான், அதை மறுப்பாரில்லை. ஆயினும், கரையிலே நின்று பார்ப்பவனுக்கு அதே சம்பவம் வேறொரு முகத்தைக் காட்டும். பிறனுடைய துறையிற் படகை விடுகிறவன், தான் இன்னான், இன்ன காரியமாக வந்தேன், இத்தனை நாள் நிற்பேன் என்று கரைக்குரியாரிடம் அறிவிக்கவேண்டும் என்னும் சம்பிரதாயம், அரசர்களுக்கும் கப்பற்காரருக்கும் மட்டும் உரியதாக இருந்ததன்று. சல்லியிலும் சாம்பல்தீவிலும் குச்சவெளியிலும் தோணி தள்ளிச் சீவித்தவர்களுக்கும் அதுவே முதற்பாடமாக இருந்தது. திருகோணமலைக் கரைகளின் கதையை ஒருவன் துறைமுகத்தின் ஆழத்தைக் கொண்டும் பீரங்கிகளின் எண்ணிக்கையைக் கொண்டும் எழுதலாம். அப்படி எழுதியோர் பலர். யார் முதலில் இறங்குவது, யார் பொறுத்து நிற்பது, யாருக்கு இடமில்லை என்னும் கேள்விகளைக் கொண்டு எழுதுவாருக்கு அதே கரையில் வேறொரு சரித்திரம் அகப்படும்.

துறைக்கு முறை வகுப்பது இத்தீவில் மிகப் பழைய இராஜ காரியம். நயினாதீவிலே உள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்ச் சாசனம், பன்னிரண்டாம் நூற்றாண்டினது, ஊராத்துறையில் வந்திறங்கும் பரதேசிகளுக்குப் பாதுகாப்பளிக்கவேண்டும் என்று விதித்ததோடு நில்லாமல், யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நாலிலொன்று பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும், வாணிபப் பொருள் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் பாதிக்குப் பாதி என்றும் பங்கு பிரித்துச் சொல்லுகிறது. கரையில் ஒதுங்கியதெல்லாம் கரையானுக்கே என்று அடித்துப் பறிக்கும் காலத்திலே, உடைந்த கப்பலின் உரிமையாளனுக்கும் ஒரு நியாயம் உண்டு என்று கல்லில் வெட்டிவைத்த அந்த அரசன், கிழக்குக் கரையிலும் ஆணை செலுத்தியவனே.

திருகோணமலையின் உட்துறைமுகம் உலகத்திலுள்ள மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றென்று பெயரெடுத்தமையால், போர்த்துக்கேயர் 1622இல் கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களைக்கொண்டு கோட்டை கட்டியதும், ஒல்லாந்தர் 1639இல் அதனைக் கைப்பற்றியதும், 1782ஆம் வருஷம் ஒன்றிலேயே அது ஆங்கிலேயர் கைக்கும் பிரெஞ்சுக்காரர் கைக்கும் மாறியதும், 1795இல் ஆங்கிலேயருக்கே நிலைத்ததும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அறிந்த விஷயங்கள். கடற்றொழிலாளனுக்கோ அந்த ஆழமான நீர் அவ்வளவாக உபகாரப்பட்டதில்லை. அவனுக்கு வேண்டியது மணற்கரை: சரிவு மிதமாக இருக்கவேண்டும், பாறை குறுக்கிடக்கூடாது, அலை அடித்து வள்ளத்தைப் புரட்டக்கூடாது, பக்கத்திலே நல்ல தண்ணீர்க் கிணறு இருக்கவேண்டும். இத்தனையும் பொருந்திய இடங்கள் புல்மோட்டையிலிருந்து நிலாவெளி வரைக்கும், பட்டினத்துத் திருக்கடலூரிலும், தெற்கே மூதூர், சம்பூர், ஈச்சிலம்பற்றுக் கரைகளிலும் இருப்பினும், எல்லாம் எண்ணி அடங்குவனவே. வாடைக்காற்று எழுந்துவிட்டால் கார்த்திகை முதல் மாசி வரையில் வெளிக்கடல் குமுறும். சித்திரை பிறந்தபின் கடல் படிந்து, புரட்டாதி வரையில் தொழில் நடக்கும். கிடைப்பது அரை வருஷமும் சில கரைகளும் என்றால், அவற்றை நாடி வருவோர் பலராக இருக்கும்போது, விவகாரம் பிறவாதிருப்பது எங்ஙனம்?

அந்த விவகாரத்தை அடக்கியாளும்பொருட்டுக் கரையாரும் முக்குவரும் முஸ்லிம் வலைகாரரும் கைக்கொண்ட ஏற்பாடுகளுள் தலையாயது, பாடு என்று வழங்கும் முறைவரிசையால் இயங்கும் பாட்டு முறை. கரைவலை என்பது ஒருவன் தனியே இழுக்கும் வலையன்று. நடுவிலே மடியும், இரு பக்கமும் நீண்டு செல்லும் கைகளும், அவற்றின் நுனியிலே மிக நீண்ட கயிறுகளும் உடைய அந்த வலையைத் தோணியில் ஏற்றி, ஒரு தலைக்கயிற்றைக் கரையில் விட்டு, கடலை வளைத்துச் சென்று, மறு தலைக்கயிற்றோடு கரைக்கு மீண்டு, பின் இருபது முதல் நாற்பது பேர் வரை இரு அணியாக நின்று மணிக்கணக்காக இழுப்பார்கள். வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டின் தாளத்துக்குக் கால்கள் பின்வாங்கும். சம்மாட்டி என்பவர் வலைக்கும் தோணிக்கும் உடையவர். மண்டாடி என்பவர் நீரின் நிறமும் பறவைகளின் போக்கும் கண்டு, வலையை எங்கே வளைப்பது, எப்போது இழுப்பது என்று கட்டளையிடுபவர். வருவது நெத்தலியாக இருக்கலாம், சூடையாக இருக்கலாம், கும்பிளாவாக இருக்கலாம். ஒன்றும் வராமலும் போகலாம். வந்ததிலே செலவு கழித்து, உடையவருக்கு ஒரு பங்கும் இழுத்தவர்களுக்கு ஒரு பங்குமாகப் பிரிப்பது வழக்கம்.

இப்படிப்பட்ட வலை ஒன்று கடலிலே வளைந்து கிடக்கும்போது அதே இடத்தில் இன்னொன்றை வளைக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு கரைத்துண்டுக்கும் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் இன்ன இன்ன வலைகளுக்கே பாத்தியதை உண்டு. அவ்வலைகள் ஒன்றன்பின் ஒன்றாகவே இறங்கவேண்டும். விடியற்காலத்து முதல் வளைப்பிலேதான் மீன் மிகுதியாகப் படும் என்பது தொழிலறிந்தோர் அனைவரும் ஒப்புக்கொண்ட செய்தியாகையால், இன்றைக்கு முதலில் இறங்கியவன் நாளைக்குப் பின்னே போகவேண்டும், கடைசியில் நின்றவனுக்கும் விடியற்பாடு ஒருநாள் வந்து சேரவேண்டும் என்று சுழற்சி வகுத்தார்கள். முன்னவனுடைய மடி கரையை நெருங்கும்வரை பின்னவன் தோணியைத் தள்ளமாட்டான். வலை கடலில் இருக்கும்போது தூண்டற்காரனும் சிறுவலைக்காரனும் அந்த வளைவுக்குள் நுழையமாட்டார்கள். மீன் கூட்டம் கண்முன்னே துள்ளிக்கொண்டிருந்தும், தன் முறை வரவில்லை என்பதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கின்ற அந்த மனிதனின் அடக்கத்தை, நாகரிகம் என்று நாம் சொல்லிக்கொள்ளும் வேறு பல காரியங்களிலும் மேலானதாகவே நான் மதிக்கிறேன்.

அந்த அடக்கம் நற்குணத்திலிருந்து மட்டும் பிறந்ததென்று எண்ணிவிடக்கூடாது. முறையை மீறினவனுக்கு அடுத்த நாள் வள்ளம் இழுக்க ஆள் வராது. அலைமேல் வந்த வள்ளத்தைப் பாரமான எஞ்சினோடும் நனைந்த வலையோடும் மணலில் ஏற்றுவதற்குப் பத்துத் தோள்களாவது வேண்டும். அந்தத் தோள்கள் பக்கத்து வள்ளத்துக்காரனுடையவை, வழியோடு போனவனுடையவை, மீன் வாங்க வந்தவனுடையவை. கை கொடுத்தவனுக்குக் கறிக்கு மீன் கொடுப்பதும், கணவனைக் கடலுக்குக் கொடுத்துவிட்ட பெண்ணின் கூடையிலே ஒரு பிடி போடுவதும், கோயிலுக்கோ மாதா கோவிலுக்கோ பள்ளிவாசலுக்கோ ஒரு நாட்பாட்டை ஒதுக்குவதும் தருமமாகவும் இருந்தன. கரையில் தனக்கொரு மரியாதையைத் தேடிக்கொள்ளும் வழியாகவும் இருந்தன. சண்டை மூண்டால் ஊர்ப் பெரியவர்கள் கோயில் வாசலிலோ, மீனவர் குடிசையாகிய வாடியின் நிழலிலோ கூடி விசாரிப்பார்கள். முரடனைத் தண்டிக்கப் பொலிசைத் தேடி ஓடவேண்டிய அவசியம் அபூர்வமாகவே நேர்ந்தது.

மேலிடத்தின் கை இக்கரைகளில் நெடுங்காலம் வரி வாங்கும் கையாகவே இருந்தது. ஒல்லாந்தர் மீன் வரியைக் குத்தகைக்கு விட்டார்கள். ஆங்கிலேயரும் அதனைத் தொடர்ந்து நடத்திப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் கைவிட்டார்கள். குத்தகைகாரன் பங்கு பிரிக்குமிடத்தில் வந்து நின்றானேயன்றி, யார் முதலில் இறங்குவது என்ற கேள்வியில் அவனுக்கு அக்கறை இருக்கவில்லை. துறைமுகத்தின் உட்புறமோ ஆங்கிலக் கடற்படையின் வளாகமாயிற்று. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு வீசிய காலத்திலும், 1957இல் அத்தளம் இலங்கை அரசாங்கத்திடம் ஒப்படைக்கப்படும் வரையிலும், யுத்தக் கப்பலுக்கு வழிவிட்டு ஒதுங்குவதே சிறு வள்ளத்துக்குரிய கடமையாக இருந்தது. அதிலே விவாதத்துக்கு இடமிருக்கவில்லை. பெரியது வந்தால் சிறியது விலகும்.

கரையின் வழக்கு அரசாங்கத்தின் ஏட்டிலே முறையாக ஏறத் தொடங்கியது 1940ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க மீன்பிடிக் கட்டளைச் சட்டத்தோடு. கரைவலைக்கெனத் தனி ஒழுங்குவிதிகள் 1984இல் பிறந்தன. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளச் சட்டம் பழைய கட்டளைச் சட்டத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு, உத்தரவுப்பத்திரம், முகாமைத்துவப் பிரதேசம், அதற்கான குழு, தகராறுகளை விசாரிக்கும் வழி ஆகியவற்றுக்கு இடமளித்தது. இவையெல்லாம் நல்ல எண்ணத்தோடு செய்யப்பட்டவை என்பதில் ஐயமில்லை. ஆனால், வலைக்குப் பத்திரம் கொடுக்கும் அதிகாரியின் மேசை கரையிலிருந்து வெகுதூரத்தில் இருந்தது. பத்திரத்திலே வலையின் இலக்கம் இருந்தது. முன்னவனுக்குப் பின்னவன் காட்டவேண்டிய பொறுமை இருக்கவில்லை.

இவ்விடத்தில் நம் மாகாணத்தை விட்டுச் சிறிது தெற்கே போய்வருவது பயன்தரும். போல் அலெக்சாண்டர் என்னும் மானிடவியலாளர், அம்பாந்தோட்டை மாவட்டத்தில் மாவெல்ல என்னும் கரையிலே கரைவலைக்காரர் கைக்கொண்ட சுழற்சி முறையை நுணுகி ஆராய்ந்து எழுதினார். அதனை எடுத்துக்கொண்டு எலினோர் ஒஸ்ட்ரம் என்ற அமெரிக்கப் பேராசிரியை, 2009இல் பொருளியலுக்கான நோபெல் பரிசு பெற்றவர், 1990இல் வெளியிட்ட தமது நூலிலே, பொதுச் சொத்தை ஊரார் ஆளும் ஏற்பாடு தோற்றுப்போனதற்கு ஓர் உதாரணமாகக் காட்டினார். அங்கே முறை மீறப்படவில்லை என்பதுதான் வேடிக்கை! ஒவ்வொரு வலைக்கும் தன் பாடு ஒழுங்காக வந்தது. ஆனால் வீதியும் பனிக்கட்டியும் வந்து மீனின் விலை ஏறியபோது, வெளியாரின் பணமும் அரசியற் செல்வாக்கும் புகுந்து, வலைகளின் தொகை வருஷத்துக்கு வருஷம் பெருகியது. எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவதற்குச் சட்டம் இருந்தும் அதை அமல் நடத்துவோர் இல்லை. ஈற்றிலே, தன் முறை வருமென்று காத்திருந்தவனின் வலை பருவம் முழுவதும் கரையிலே காய்ந்தது. வரிசை நியாயமாக இருந்தால் மாத்திரம் போதாது. வரிசையில் எத்தனை பேர் நிற்கலாம் என்று நிர்ணயிக்கும் அதிகாரமும் கரையிடமே இருக்கவேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக எடுத்துக்காட்டும் சாட்சி எனக்குத் தெரியாது.

திருகோணமலையிலே இந்த இரண்டாவது அதிகாரம் பழைய நாளில் எப்படி இயங்கியது என்பதை வாடிக்காரரின் வரலாற்றிலே காணலாம். மேற்குக் கடல் சோழகத்தாற் கொந்தளிக்கும் மாதங்களில், நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துக் கத்தோலிக்கக் கடற்றொழிலாளர், குடும்பத்தோடும் வலைகளோடும் கிழக்குக் கரைக்கு வந்து, ஓலை வாடி கட்டித் தங்கித் தொழில் செய்து, வாடை எழுமுன் திரும்பிப்போவது பல தலைமுறையாக நடந்துவந்த காரியம். அவர்கள் இன்ன கரைக்கு இன்ன சம்மாட்டியின் இசைவோடு வருவார்கள். கிணற்றைப் பாவிக்க உத்தரவு கேட்பார்கள். உள்ளூர் வலை இறங்கும் இடத்தை விட்டு அப்பால் தொழில் செய்வார்கள். உள்ளூர்த் திருவிழாவுக்கு வரிப்பணமும் கொடுப்பார்கள். சிங்களமும் தமிழும் கலந்த பாஷையிலே கொடுக்கல் வாங்கல் நடக்கும். சம்பந்தம் செய்தோரும் உண்டு. பிற்காலத்தில் அதே வருகை, வடக்கே கொக்கிளாயிலும் நாயாற்றிலும் போலவே இங்கும் கசப்புக்கு விதையானதற்குக் காரணம் வருவோரின் மொழியோ மதமோ மாத்திரமன்று. கரையாரின் இசைவைக் கேட்டு வந்த நிலை போய், கொழும்பிலிருந்து பெற்ற பத்திரமும் பாதுகாப்புப் படையின் அனுமதியும் போதும் என்ற நிலை வந்ததே மூலகாரணம் என்பது என் எண்ணம்.

யுத்த காலத்தைப்பற்றி இங்கே விரித்தெழுதுவதிற் பயனில்லை, அறியாதார் யார்? 1983இன் பின்னர் இக்கரைகளிலே தொழிலுக்குத் தடை, நேரக் கட்டுப்பாடு, எஞ்சினின் வலுவுக்குக் கட்டுப்பாடு, பாஸ் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. யார் முதலில் இறங்குவது என்ற கேள்வியைக் காவலரண் தீர்த்துவைத்தது. பாட்டு முறையிலே பழகிய முதியோர் பலர் இடம்பெயர்ந்தார்கள். 2006இல் மூதூரும் சம்பூரும் வெறுமையாயின. இருபத்தைந்து வருஷமாகத் தன் தந்தையோடு துறையில் நிற்காத பிள்ளை, அந்தத் தந்தை அறிந்த முறையை எங்கே கற்றுக்கொள்வான்?

அதற்கிடையில் 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி கடல் கரையேறிற்று. வள்ளங்களும் வலைகளும் வாடிகளும் ஒரு காலைப்பொழுதில் அழிந்தன. உலகம் இரக்கப்பட்டுப் பைபர் வள்ளங்களை அள்ளிக் கொடுத்தது. கொடுத்தவர்கள் வள்ளத்தை எண்ணினார்களேயன்றிக் கரையை அளக்கவில்லை. இலங்கையின் கரைகளில் முன்பு வள்ளம் வைத்திராதவர்களுக்கும் வள்ளம் கிடைத்தது. உடைந்துபோனவற்றிலும் கூடுதலான சிறுவள்ளங்கள் பல இடங்களில் வந்து சேர்ந்தன. மாவெல்லவில் நடந்தது போன்ற காரியம் இங்கே தருமத்தின் பெயரால் நடந்தேறியது. வள்ளம் பெருகப் பெருக, மணலில் ஏற்றிவைக்கும் இடத்துக்கும், காலையில் முதலில் தள்ளுவதற்கும், நங்கூரக் கயிறு நங்கூரக் கயிற்றிலே சிக்குவதற்கும் வாய்த்தர்க்கம் மூண்டது.

பின்னும் பல வந்தன. மனிதர் இழுத்த கரைவலையை உழவு இயந்திரத்திற் பூட்டிய சுழற்சிப் பொறியால் இழுக்கத் தொடங்கியபோது, நாற்பது பேரின் சீவனம் நாலைந்து பேருக்குச் சுருங்கியது; அம்பாப் பாட்டும் ஓய்ந்தது. சுருக்குவலை வந்தபோது, கரையிலிருந்து குறித்த தூரத்துக்கு அப்பாலே விரிக்கவேண்டிய வலையை இருளிலே கரையை ஒட்டி விரிக்கிறார்கள் என்று கரைவலைக்காரர் முறையிட, எங்களுக்கும் பிள்ளைகுட்டிகள் உண்டு என்று மறுதரப்பார் வீதிக்கு இறங்க, கடற்றொழில் திணைக்களம் இரு பக்கத்தின் கூக்குரலுக்கும் நடுவே நின்று திகைக்கிறது. நிலாவெளியிலோ, 2003இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்ட புறாத்தீவுக்கு உல்லாசப் பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் வள்ளங்களும் அதே மணலிலிருந்தே புறப்படுகின்றன. நேற்று வலை உலர்ந்த இடத்திலே இன்று நாற்காலி போட்டிருக்கிறார்கள். இவற்றுள் எதனையும் முற்றாக விலக்கிவிட முடியுமென்று நான் கருதவில்லை; ஆயினும், சுருக்குவலையைப் பொறுத்தவரையில் முறையிடுகிற கரைவலைக்காரர் பக்கமே நியாயம் அதிகம் என்று சொல்லத் தயங்கமாட்டேன். கரையில் நிற்பவனால் இடம்பெயர்ந்து மீனைத் துரத்திப் போக முடியாது.

மீன்துறையை மட்டும் பேசிவிட்டு ஆட்துறையை மறப்பது முறையாகாது. இந்த மாவட்டத்தில் ஆறும் களப்பும் கடலும் ஊருக்கு ஊர் குறுக்கிடுவதால், மட்டக்களப்பு வீதியில் போகிறவன் பாதை எனப்படும் மிதவையில் ஏறி இறங்கியே போகவேண்டியிருந்தது. நோயாளியையும் பிரசவ வேதனைப்பட்டவளையும் முன்னே விட்டு மற்றவர்கள் ஒதுங்குவது, பிரேதம் வந்தால் வண்டிகள் காத்திருப்பது முதலிய மரியாதைகளை அக்காலத்துப் பாதைகளில் பயணம் செய்தோர் இன்றும் சொல்வார்கள். கிண்ணியாத் துறையிலே 2009ஆம் ஆண்டு ஒக்டோபர் 20ஆந் திகதி சவூதி அரேபியாவின் உதவியோடு கட்டிய 396 மீற்றர்ப் பாலம் திறக்கப்பட்டபோது, அந்தக் காத்திருப்பு முடிந்தது என்று ஊரார் மகிழ்ந்தார்கள். மகிழ்ச்சி முழுமையாகவில்லை. 2021ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி, அதே கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணிப் பாலம் கட்டி முடியாதிருந்த வேளையில், மாற்றாக ஓடிய பாதை கவிழ்ந்து பள்ளிச் சிறார் உட்படப் பலர் மாண்டார்கள். பாதையில் யார் முதலில் ஏறுவது என்பதைச் சனங்கள் தாமாகவே தீர்த்துக்கொள்வார்கள். எத்தனை பேர் ஏறலாம் என்பதைத் தீர்த்துவைக்கத் துறையில் ஒரு பொறுப்பாளன் நின்றேயாகவேண்டும்.

திருகோணமலை மாவட்டத்தின் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இப்போது செய்யத்தக்கதும், செய்தால் கைகூடக்கூடியதுமான காரியம் ஒன்றுண்டு. புல்மோட்டையிலிருந்து ஈச்சிலம்பற்று வரைக்கும் ஒவ்வொரு கரைத்துண்டுக்கும் எல்லை எது, எத்தனை வலைக்கு இடமுண்டு, விடியற்பாடு எவ்விதம் சுழன்றது, வெளியூர் வாடிக்கு எந்த நிபந்தனையில் இடமளித்தார்கள், தகராறு வந்தால் யார் விசாரித்தார்கள் என்பவற்றை, இன்னும் உயிரோடிருக்கும் சம்மாட்டிமாரிடமும் மண்டாடிமாரிடமும் கேட்டு, தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, சங்கத்தில் ஒரு பிரதியும் திணைக்களத்தில் ஒரு பிரதியும் வைக்கவேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்து மாணாக்கர் ஒரு விடுமுறையைக் கரையிலே கழித்தால் இந்த வேலைக்குப் பெருந்துணையாகும். நீர்கொழும்பாரையும் சிலாபத்தாரையும் அழைத்து, அவர்களும் கையொப்பமிட்டாலன்றி அந்த ஏடு நிறைவுபெறாது. முதியோர் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஆகையால் அடுத்த சித்திரையில் கடல் படியுமுன்பே இந்த வேலையைத் தொடங்குவார்களாக.